மேல்படியில் நின்ற கெட்ட ராஜா

கல்லூரிகளில் வரலாறு சொல்லித்தரப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலரைச் சமீபத்தில் ஒரு கூட்டத்தில் சந்தித்தேன். ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு ஒரு சால்வையும் முன்வரிசை நாற்காலியும் கொடுத்தீர்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் என்னிடம் வந்து, "சார், நாலு பேர் முன்னாடி வசமா மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்?" என்று கேட்டார். கையில் இருந்த காபி ஆறிக்கொண்டிருந்ததால் ஒப்புக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு சரியான பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமானது, பொம்மைகள் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மைசூரில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக விரிவுரையாளன். தற்காலிகம் என்றால் உங்களுக்குத் தெரிந்த தற்காலிகம் இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் வேலை போய்விடும், கல்லூரி திறந்தால் திரும்ப வரும். நடுவில் நான் இருக்கிறேனா இல்லையா என்பதே கல்லூரிக்குத் தெரியாது.

இதில் எனக்கு இருந்த அவசரம் ரோஸி. தங்கவயல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இருவர் வீட்டிலும் சம்மதம்தான். ஆனால் அங்கேயே சுரங்க மேஸ்திரியாக இருந்த அவளுடைய அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "வேலை நிரந்தரம்னு காயிதம் வரட்டும், மறுநாளே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிரலாம்." அந்தக் காயிதம் வருவதும் வராததும் எங்கள் முதல்வரின் கையெழுத்தில் இருந்தது. தசரா விடுமுறை முடிந்ததும் யாரை நிரந்தரமாக்கலாம் என்று அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். என் கல்யாணம் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் கொடுத்திருந்த பாடம் பழைய சீனா. எங்கள் துறையில் பாடங்களுக்கும் ஜாதகம் உண்டு. கிரேக்கமும் ரோமும் மூத்தவர்களுக்கு, எகிப்து நடுத்தரத்துக்கு, சீனா தற்காலிகத்துக்கு. துறைத்தலைவர் கன்னடக்காரர். சென்னையில் படித்தவர் ஆதலால் என்னிடம் கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். "நோடி சாமுவேல், சைனா சுலபம். பசங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பேரைச் சொல்லவே பயப்படுவாங்க" என்று தைரியம் சொல்லி ஒரு பழைய புத்தகத்தைக் கையில் திணித்தார்.

அவர் சொன்னது சரிதான், யாரும் கேட்கவில்லை. நானும் அழகாக மூன்று வம்சங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஷியா. அதைத் தொடங்கிய யூ மன்னர் பெருவெள்ளத்தை வாய்க்கால் வெட்டி வடியவைத்தவர். அந்த வேலை மும்முரத்தில் தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போதுகூட உள்ளே எட்டிப் பார்க்காதவர். அடுத்தது ஷாங். ஆமை ஓட்டையும் மாட்டு எலும்பையும் சூடு காட்டி, விழும் விரிசலைப் பார்த்துக் குறி கேட்ட ராஜாக்கள். மூன்றாவது ஜோ. ஷாங்கை வீழ்த்திவிட்டு, "கெட்ட ராஜாவிடமிருந்து வானம் ஆட்சியைப் பிடுங்கி நல்லவனிடம் கொடுத்துவிட்டது" என்று சொன்னவர்கள். ஷியாவின் கடைசி ராஜா கெட்டவன், ஷாங்கின் கடைசி ராஜா அவனைவிடக் கெட்டவன். பாடம் முடிந்தது, மணி அடித்தது.

இப்படி நிம்மதியாக இருந்த என் தலையில் ஒரு தசரா வந்து விடிந்தது. இந்தியரும் சீனரும் அண்ணன் தம்பி என்று தெருவெல்லாம் பேசிய வருஷங்கள் அவை. சீன அறிஞர்கள் சிலர் தசரா பார்க்க மைசூர் வருகிறார்கள், எங்கள் கல்லூரிக்கும் வருவார்கள் என்று சேதி வந்தது. முதல்வர் உற்சாகத்தில் ஒரு கண்காட்சி அறிவித்துவிட்டார். தலைப்பு, ஆதி சீன நாகரிகமும் அதன் முதல் வம்சங்களும். பொறுப்பு, சாமுவேல்.

கண்காட்சி என்றால் வைப்பதற்கு ஏதாவது வேண்டுமே! எங்கள் கல்லூரியில் சீனப் பொருள் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முதல்வர் அறையிலிருந்த பீங்கான் ஜாடி. அதன் அடியில் பம்பாய் என்று எழுதியிருந்தது.

வழி காட்டியவர் முதல்வரின் மனைவி ருக்மிணி அம்மாள். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம், தலைமுறை தலைமுறையாக மைசூர் வாசம், வீட்டில் அவர்களுக்கென்று ஒரு தமிழ். "எதுக்கு இத்தனை யோசனை? கொலு வெச்சுடுங்கோ. எங்காத்து பட்டத கொம்பெயைத் தரேன். சீனா ராஜா வேஷம் போட்டா ஆச்சு" என்றார். அவர் சொன்னால் முதல்வர் மறுக்க மாட்டார். இதைக் கல்லூரி முழுவதும் அறியும். கால அட்டவணை திடீரென்று மாறினால், விடுமுறை ஒரு நாள் தள்ளிப்போனால், ஆசிரியர் அறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "வீட்டு ஆர்டர்" என்போம்.

பட்டத கொம்பெ என்பது மைசூர் வீடுகளில் இருக்கும் ராஜா ராணி மரப்பொம்மை ஜோடி. கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் கொடுப்பது. ஒவ்வொரு தசராவுக்கும் அதற்குப் புதுப்பட்டு உடுத்திக் கொலுவில் நடுநாயகமாக நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில்தான் உண்டு, கொலு கிடையாது. அதனால் இந்தப் பொம்மைகளுக்கு எவ்வளவு மானம் ரோஷம் உண்டு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பேராசிரியர்களின் வீடு வீடாகப் போய்ப் பொம்மை கேட்டேன். எல்லா அம்மாள்களும் முகம் மலர்ந்து கொடுத்தார்கள். ராஜாவை மட்டும் கேட்டால் ராணியும் கூட வந்தார், ஜோடியைப் பிரிக்கக் கூடாதாம். கொடுத்துவிட்டு வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்தி, எல்லாரும் ஒரே மாதிரி ஒன்று சொன்னார்கள். "நம்மது நல்ல ராஜாதானே?"

ஆமாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முடிவில் என் சீனாவில் கெட்ட ராஜாவே இல்லை. ராமராஜ்யமாக இருந்தது. துறைத்தலைவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்ரீ, எல்லாரும் நல்லவங்கன்னா வம்சம் எப்படி மாறும்? ஷியா எதுக்குப் போச்சு? ஷாங் எதுக்குப் போச்சு? காய்ச்சல் வந்தா போச்சு?" பிறகு என்னை உட்காரவைத்து, சரித்திரம் சொல்பவனுக்கு முதலில் வேண்டியது தைரியம் என்று வெகுநேரம் பேசினார். கையை ஆட்டி ஆட்டி நன்றாகவே பேசினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மார்க்கெட்டுக்குப் போய்ச் செட்டியார் பொம்மை ஜோடிகள் இரண்டு வாங்கிவந்தேன். கொலுவின் அடிப்படியில் தொந்தியும் தொப்பையுமாக மளிகைக்கடை வைத்து உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். அவருக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை, ரோஷப்பட ஆள் கிடையாது. மஞ்சள் பட்டு சுற்றிக் கறுப்புக் கம்பளி நூலில் மீசை ஒட்டி, ஷியாவின் கடைசி ராஜாவாக ஒருவரையும் ஷாங்கின் கடைசி ராஜாவான டி ஸின்னாக ஒருவரையும் முடிசூட்டிவிட்டேன்.

இப்போது வரிசை. மண்ணைத் தோண்டினால் பழையது அடியில்தானே கிடைக்கும்? அதனால் அடிப்படியில் ஷியா, நடுப்படியில் ஷாங், மேல்படியில் ஷாங்கின் வீழ்ச்சியும் ஜோவின் வெற்றியும். மேல்படியின் நட்டநடுவில் டி ஸின் செட்டியார். அவன் மதுவால் குளம் நிரப்பினான், மரத்துக்கு மரம் மாமிசம் தொங்கவிட்டான் என்பது கதை. கல்லூரியில் மாமிசம் கூடாது என்பதால் ஒரு குச்சியில் கத்தரிக்காய் வற்றல் தொங்கவிட்டு, முன்னால் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் பீட்ரூட் சாறு ஊற்றி வைத்தேன். ஆமை ஓட்டுக்கு வழி இல்லை. யாரோ ஒருவர் வீட்டுத் தசாவதார செட்டிலிருந்து கூர்மாவதாரத்தை மட்டும் கடன் வாங்கி ஷாங் படியில் வைத்தேன்.

ஒவ்வொரு ராஜாவுக்கும் முன்னால் படியில் ஓர் அட்டை, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். எல்லாவற்றையும் வெள்ளைத்தாள் ஒட்டி மூடிவைக்கச் சொன்னவர் முதல்வர். விருந்தினர்கள் ஒவ்வொன்றாகத் திறப்பார்களாம், மேல்படி நடு அட்டையை ருக்மிணி அம்மாள் திறப்பாராம். அழகான யோசனை என்று நானும் தலையாட்டினேன்.

விருந்தினர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ரோஸியின் அப்பா தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் பெருமையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். அவரை அழைத்துவர நான் ஸ்டேஷனுக்குப் போன நேரத்தில், ருக்மிணி அம்மாளும் மற்ற அம்மாள்களும் கொலுவைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. வந்தவர்கள் கண்ணில் பட்டது ஒரு கொலு. அந்தக் கொலுவின் மேல்படி நடுவில் ஒரு செட்டியார்! பாவம், இந்தக் கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கொலு வைக்கத் தெரியவில்லை என்று இரங்கியிருக்கிறார்கள். பெரிய பொம்மை மேலே, சின்னது கீழே, செட்டியார் எப்போதும் அடிப்படியில். இதுதான் முறை. எல்லாரும் இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள். பொம்மைகளை மட்டும். மூடியிருந்த அட்டைகளையும் கிண்ணத்தையும் குச்சியையும் யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு மாலை வாங்கும் வேலை, வண்டி பார்க்கும் வேலை. கண்காட்சிக் கூடத்துக்குள் நான் நுழைந்ததே விருந்தினர்களோடுதான். தலைமையாக வந்த சீனப் பேராசிரியர் மெல்லிய உருவம், வெள்ளைத் தாடி, எதைப் பார்த்தாலும் தலையசைக்கும் சுபாவம். பக்கத்தில் இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். பின்வரிசையில் என் மாமனார் கோட்டும் தலைப்பாகையுமாக.

அடிப்படியில் முதல் அட்டை. பேராசிரியரே தாளை இழுத்தார். வெள்ளத்தை அடக்கிய யூ மன்னர். நிமிர்ந்து பார்த்தால் அட்டைக்குப் பின்னால் மளிகைக்கடைத் தொந்தியோடு செட்டியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் மிகுந்த மரியாதையோடு ஏதோ சொன்னார். இளைஞர் மொழிபெயர்த்தார். "எங்கள் யூ மன்னர் ஓயாமல் வேலை செய்து இளைத்துத் துரும்பானவர் என்று கேள்வி."

என் வாய் தானாகச் சொல்லியது, "இது வெள்ளம் வடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு. வீட்டுச் சாப்பாடு."

கூடம் சிரித்தது. பேராசிரியரும் தாடி குலுங்கச் சிரித்தார். துறைத்தலைவர் என் முதுகில் தட்டினார். பலே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மேலே பார்த்தேன். அந்த மெச்சல் அங்கேயே செத்துப்போனது.

மேல்படி நடுவில், பீட்ரூட் குளத்துக்கும் கத்தரிக்காய் வற்றல் மரத்துக்கும் பின்னால், ருக்மிணி அம்மாளின் ஜோடி. அதை வேறு யாருடையது என்றும் சொல்ல வழியில்லை. அந்த ராஜாவின் நெற்றியில் திருமண் அழியாத வண்ணத்தில் எழுதியிருக்கும். ராணிக்கு நிஜமான வைர மூக்குத்தி. மைசூரில் பாதிப் பேருக்கு அந்த ஜோடியைத் தெரியும்.

நடுப்படியை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. கூர்மாவதாரத்துக்கு யாரோ பூச்சூட்டியிருந்தார்கள். ஆமைக்கு ஏன் மாலை என்று பேராசிரியர் கேட்க, "ஷாங் ராஜாக்களுக்கும் எங்களுக்கும் ஆமை உயர்ந்தது" என்றேன். அவர் மகிழ்ந்து கைகுலுக்கினார்.

மேல்படி அட்டையைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். பத்திரிகைக்காரர் ஒருவர் காமிராவை உயர்த்திவிட்டார். மயங்கி விழலாமா என்றும் நினைத்தேன். ரோஸியின் அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாரே, வியாதிக்காரனுக்குப் பெண் கொடுப்பாரா? துறைத்தலைவர் பக்கம் திரும்பினேன். தைரியத்தைப் பற்றி அவ்வளவு பேசியவரைக் காணோம். மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திரைக்குப் பின்னால் போய்விட்டாராம். கூடத்தில் அன்று விளக்கே போடவில்லை.

ருக்மிணி அம்மாள் தன் பொம்மைகளைப் பெருமையோடு பார்த்துவிட்டுத் தாளை இழுத்தார். கன்னடத்தில் எழுதியிருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி கணீரென்று படித்தார்.

"டி ஸின். ஷாங் வம்சத்தின் கடைசி அரசன். மதுவால் குளம் நிரப்பினான். மாமிசத்தை மரங்களில் தொங்கவிட்டான்." இங்கே குரல் கொஞ்சம் இறங்கியது. "மனைவி சொன்னதையெல்லாம் கேட்டு, நாட்டை இழந்தான்."

எல்லார் கண்ணும் முதல்வரைப் பார்த்தன, பிறகு அம்மாளைப் பார்த்தன, பிறகு தரையைப் பார்த்தன. "வீட்டு ஆர்டர்" என்று சொல்லிப் பழகிய ஒவ்வொரு வாயும் இறுக மூடிக்கொண்டது. முதல்வரின் காது சிவந்துவிட்டது.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "சாமுவேல், இது நீங்கோ எழுதினதா?"

இளைய நண்பர்களே, நீங்கள் கேட்ட இடம் இதுதான். அந்த நேரத்தில் என் கையில் ஒரு பதில் தயாராக இருந்தது. "அம்மா, நான் அங்கே செட்டியாரைத்தான் வைத்திருந்தேன், பொம்மையை மாற்றியது நீங்கள்." அதில் பொய் ஒரு துளி இல்லை. சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், அந்த அம்மாள் ஊர் முன்னால் கூனிக் குறுகியிருப்பார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் ஒன்றும் பெரிய மனிதனாகி அதை விழுங்கவில்லை. அந்த அட்டையை அன்றுதான், இன்னொருவர் குரலில், நான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன். நான் எழுதியதுதான். ஆனால் இதை எனக்கு யார் சொன்னது?

"எழுதினது நான்தாம்மா" என்றேன். "ஆனா சொன்னது நான் இல்ல. இந்த ராஜாவைத் தோக்கடிச்சு நாட்டைப் புடிச்சவங்க சொன்னது."

"ஜெயிச்சவாளா? அவா எப்படி நல்லதா சொல்லுவா?"

"சொல்ல மாட்டாங்கம்மா. அதுக்கு முந்தின வம்சத்துக் கடைசி ராஜாவைப் பத்தியும் இதே கதைதான் இருக்கு. அதே குளம், அதே மாமிசம், அதே மாதிரி மனைவி பேச்சு."

"அதே ஆம்படையாளா?"

"இல்லம்மா, இவங்க வேற. குத்தம் மட்டும் அதே குத்தம்."

"ஓஹோ. எவன் தோத்தாலும் ஆம்படையாள் தலையிலயா?"

பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டு கூடம் முழுவதும் சிரித்தது. பேராசிரியருக்கு விஷயம் புரியவில்லை, நான் ஆங்கிலத்தில் சொல்ல, இளைஞர் அவர் காதில் சொன்னார். கிழவர் முகம் விளக்கேற்றியது போல ஆயிற்று. அவர் அம்மாளின் அருகே வந்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்; இளைஞர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

ஷாங் தலைநகர் இருந்த இடத்தில் குறி எலும்புகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றனவாம். அந்த ராஜாக்கள் அவற்றில் கேட்டிருப்பதெல்லாம் மழை வருமா, பல்வலி எந்த முன்னோரின் கோபத்தால் வந்தது, ராணிக்குப் பிரசவம் நல்லபடி ஆகுமா என்பதுதானாம். மதுக்குளம் எலும்பில் இல்லையாம், பிற்காலத்தவர் கதையில்தான் இருக்கிறதாம். டி ஸின்னுக்கு முன்னால் அதே வம்சத்தில் ஒரு ராஜா தன் ராணியைப் படைத்தலைவியாகப் போருக்கு அனுப்பியிருக்கிறாராம். இதுவும் எலும்பில் இருக்கிறதாம்.

அம்மாள் கவனமாகக் கேட்டார். "அந்த ராஜா ஆம்படையாள் பேச்சைக் கேட்டிருப்பாரோ?"

"படையையே கையில் கொடுத்தவர், பேச்சைக் கேட்காமலா இருந்திருப்பார்?" என்றார் பேராசிரியர்.

"அப்புறம் ராஜ்யம் போயிடுத்தா?"

"இல்லை. அவர் காலத்தில்தான் பெரிதாயிற்று."

அம்மாள் மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டேளா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றார் முதல்வர், வீட்டில் சொல்வது போலவே. அதற்குக் கூடம் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அம்மாள் பீட்ரூட் கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதை அப்பால கொண்டு போங்கோ. எங்காத்து ராஜா காபி தவிர எதுவும் தொடமாட்டார். அட்டையில இன்னும் ஒரு வரி எழுதுங்கோ, இப்படின்னு ஜெயிச்சவா சொல்றான்னு." பேராசிரியர் தம்முடைய பேனாவை நீட்டினார். நின்றபடியே எழுதினேன். "என்று வென்றவர்கள் சொல்கிறார்கள்." அன்று எல்லாருக்கும் சுண்டல் கிடைத்தது. சீனப் பேராசிரியர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று முதல்வர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் காகிதம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமல், "ஆத்துல சொன்னா, உங்களை விடப்படாதுன்னு" என்றார். இன்றைக்கும் கல்லூரிகளில் தகுதி, நேர்முகத் தேர்வு என்றெல்லாம் பேசுகிறார்கள். என் வேலை நிரந்தரமானது, ஓர் ஆட்சியாளர் தன் மனைவி சொன்னதைக் கேட்டதால்.

எங்கள் கல்யாணத்துக்கு அம்மாள் ஒரு புது பட்டத கொம்பெ ஜோடி கொண்டுவந்தார். ரோஸியின் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "இவா ரெண்டு பேரையும் எந்த வம்சத்துக்கும் கடைசியில நிறுத்தப்படாது, தெரிஞ்சுதா?" என்றார். அந்த ராஜாவும் ராணியும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் குடிலில், கீழ்த்திசை ராஜாக்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். பாதிரியார் ஒருமுறை யார் இவர்கள் என்று கேட்டார். இன்னும் தள்ளிக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் என்றேன்.

துறைத்தலைவரைப் பற்றிச் சொல்லவில்லையே. திரைக்குப் பின்னாலிருந்து அவர்தான் எனக்கு ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துக் கொடுத்தார் என்று ஓய்வு பெறும் வரை ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர்கள் நம்பினார்கள். பின்னாளில் அவரை வழியனுப்பும் விழாவில் அதைச் சொல்லியே மாலை போட்டார்கள், நானும் கைதட்டினேன். இப்போது அவர் இல்லை, முதல்வர் இல்லை, அம்மாளும் போய்விட்டார். அம்மாள் போன அன்று நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் கதை சொல்ல மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே நீங்கள் இதுவரை படித்ததன் அடியிலும் அன்று அட்டையில் எழுதிய அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான்: தப்பிக்க உதவும் உண்மை ஒன்று முதலில் கைக்கு வரும்; அதை விட்டுவிட்டு, நாம் சொல்லாமல் விட்ட உண்மை எது என்று பாரும்மா. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்து ரோஸியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். பிறகு கேட்டாள். "பின்வரிசையில யாரோ சிரிச்சாங்கன்னு போட்டிருக்கீங்களே, அது யாரோவா? எங்கப்பாதானே முதல்ல சிரிச்சார். ராத்திரி வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட மறுபடி சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரே. அவர் சிரிக்கலேன்னா அன்னிக்கு யாரு சிரிச்சிருப்பா? உங்க கதி என்னாயிருக்கும்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. அதையும் சேர்த்துவிட்டேன், ராஜ்யம் ஒன்றும் போய்விடவில்லை.